பல்லுக்குள் புழு

எனக்கு ஏழு வயது நடக்கும்போது மேல்வரிசை முன்பல் ஒன்று பழுப்பாக முளைத்தது. பக்கத்துப் பல் வெள்ளையாக வந்திருக்க, இதன் நடுவில் மட்டும் டீக்கறை பட்டாற்போல ஒரு திட்டு. நாக்கால் தடவினால் சின்னதாக ஒரு பள்ளம் தட்டும். பால்பல் விழுந்த இடத்தில் வருவதுதான் ஆயுசுக்கும் நிற்கும் பல் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆயுசுக்கும் என்ற வார்த்தை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிதான் முதலில் அதைப் பார்த்தாள். என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "இஸ்மே தோ கீடா லக் கயா" என்றாள். பல் சொத்தையை ஹிந்திக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். கீடா என்றால் புழு. எனக்கு அப்போது தமிழைவிட ஹிந்திதான் சரளம், ஆனால் இதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று புரிகிற அளவுக்கு இல்லை. என் பல்லுக்குள் ஒரு புழு குடியிருக்கிறது என்றுதான் நான் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் ரகசியமாகச் சொன்னேன். அவளுக்கு அதெல்லாம் தெரிந்திருந்தது. கோல் மார்க்கெட்டில் இருந்த அவள் பெரியப்பா மகனுக்கும் இப்படித்தான் புழு வந்ததாம். பல்லில் தின்ன ஒன்றும் இல்லாமல் போனதும் அது மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிட்டதாம்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் அவன் ஸ்கூலுக்கே வரல."

அவன் அப்பாவுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு நாக்பூர் போய்விட்டார்கள் என்பது எனக்குத் தெரிய வெகுகாலம் ஆயிற்று.

புழுவைப் பட்டினி போட்டுக் கொல்வது என்று முதலில் தீர்மானித்தேன். மிட்டாய், பிஸ்கட், பாலில் சர்க்கரை எல்லாவற்றையும் நிறுத்தினேன். அம்மா ஆச்சரியப்பட்டாள், கொஞ்சம் பெருமையும் பட்டாள். மூன்றாம் நாள்தான் எனக்குப் பகீரென்றது. பசித்தால்தானே அது மேலே ஏறும்? அன்றிலிருந்து அடுக்களைக்குள் நுழையும்போதெல்லாம் ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்து அந்தப் பல்லின்மேல் அப்பிக்கொள்ள ஆரம்பித்தேன். தின்றுவிட்டு அங்கேயே கிடக்கட்டும் என்று எண்ணம். தும்மல் வந்தால் உடம்பெல்லாம் நடுங்கும். மூக்குக்குள் ஏதாவது ஊர்ந்தால் முடிந்தது என்று அசையாமல் உட்கார்ந்துவிடுவேன். வாயைத் திறந்து சிரிப்பதை விட்டேன். வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னால் உதட்டைக் குவித்துக்கொண்டு வாசித்தேன். டீச்சர் இரண்டு தடவை அதட்டினார்.

அம்மா என் பல்லைப் பார்க்காமல் இல்லை. தலை பின்னும்போது என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி உதட்டைக் கட்டை விரலால் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு மறுபடி பின்ன ஆரம்பிப்பாள். அவள் முகம் போகிற போக்கைப் பார்த்து, அவளுக்கும் புழு விஷயம் தெரிந்துவிட்டது, எனக்குப் பயமாக இருக்கும் என்று மறைக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பல்லைத் தேய்த்தேன். ஈறு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண்ணைத் திறந்தால் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். புழுவின் ரத்தம் என்று நினைத்துக் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்றிருந்தேன். அவளோ கையிலிருந்த கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மறுபடியுமா?" என்றாள்.

அது என்னிடம் கேட்ட கேள்வியாகத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் பேப்பரோடு வந்து நின்ற அப்பாவைப் பார்த்துக் கேட்ட மாதிரி இருந்தது. அப்பா துண்டை நனைத்து வந்து என் வாயைத் துடைத்தார். "வலிக்குதாட்டி?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே புழுக் கதை முழுவதையும் சொன்னேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அப்பா அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து எங்களைக் கரோல் பாகில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனார். சாய்வு நாற்காலியில் படுத்ததும் புழுவைப் பிடிக்க இடுக்கி வரப்போகிறது என்று எனக்குக் கால் இரண்டும் விறைத்துவிட்டன. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். புழுவும் இல்லை, சொத்தையும் இல்லை என்றார். பால்பல்லில் பலமாக அடிபட்டால், உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் பல்லுக்கும் காயம் பட்டு இப்படிக் கறையோடு வருவது உண்டாம். இரண்டு வயது வாக்கில் முகத்தில் அடி ஏதும் பட்டதா என்று அப்பாவைக் கேட்டார்.

வெளியே போனால் ஹிந்தியில் பேசுவதெல்லாம் அப்பாதான். அம்மாவுக்குக் காய்கறிக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான் ஹிந்தி வரும். ஆனால் அப்பா சுவரில் மாட்டியிருந்த பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கிரி தீ" என்றாள் அம்மா, விழுந்துவிட்டாள் என்று. கொஞ்சம் வார்த்தையைத் தேடி, "சீடி ஸே," மாடிப்படியிலிருந்து, என்றும் சேர்த்தாள்.

நாங்கள் இருந்தது தரைத்தளத்து வீடு. நான் பிறந்ததிலிருந்தே அதுதான் வீடு. படியே இல்லையே என்று சொல்ல நினைத்தேன், வாய்க்குள் கண்ணாடி இருந்தது. கறை பரவாது, வளர்ந்த பிறகு மேலே பல் நிறத்தில் பூச்சுப் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டரம்மா சொன்னதைக் கேட்ட சந்தோஷத்தில் படியை மறந்தும் போனேன்.

பல வருஷம் கழித்து, வேலைக்குச் சேர்வதற்கு முன் அந்தப் பூச்சைப் போட்டுக்கொள்ளக் கிளம்பிய காலையில்தான் அம்மா சொன்னாள். எனக்கு இரண்டு வயதிருக்கும்போது அவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம். அப்பா கோபத்தில் எவர்சில்வர் செம்பைச் சுவரைப் பார்த்து எறிந்திருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து நான் ஓடி வந்ததை இருவருமே கவனிக்கவில்லை. "எதுக்குச் சண்டைன்னுகூட இப்ப ஞாபகமில்லட்டி," என்றாள். "அதுக்கப்புறம் அவங்க கோவத்துல ஒரு சாமானத் தொட்டதில்ல."

ஏழு வயதில் அந்த டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு அன்று கரோல் பாகிலிருந்து மெட்ரோவில் திரும்பினோம். ராஜீவ் சௌக்கில் வண்டி மாறியதும் உட்கார இடம் கிடைத்தது. அப்பா மடியில் ஏறி உட்கார்ந்து, பல நாள் கழித்து வாயை நன்றாகத் திறந்து எதிரிலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன். "அப்பா, புழு இல்லையாம்" என்று அவர் முகத்தைத் திருப்பி அந்தப் பல்லைக் காட்டினேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரே இருட்டு. அதில் அப்படி என்னதான் தெரிகிறது என்று நானும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தேன்.