புளித்துப்போன தொட்டி

பழச்சாறு ஆலையின் பின்புறம் இருக்கும் எரிவாயுத் தொட்டிக்கு அங்கே ‘வயிறு’ என்று பெயர். கெட்ட சாறு, பழத்தோல், கேன்டீன் மிச்சம் எல்லாம் அதற்குள் போகும். அது விடும் வாயுவில் ஆலையின் கொதிகலன் எரியும். பதினொரு வருஷமாகக் கழிவைப் பிரித்து அதற்குத் தீனி போடுபவள் மூக்கி. பட்டப்பெயர்தான். வாடையை வைத்தே தொட்டியின் நலத்தைச் சொல்லிவிடுவாள். வீட்டில் இரண்டு முறை குளித்துவிட்டு வந்தாலும் மகள் தள்ளித்தான் உட்காருவாள். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன மாதம் பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அவர்கள் கண்முன் தொட்டி வாயுவின் சுடர் ஆளுயரம் எழ வேண்டுமென்று மேலாளருக்கு ஆசை. காலாவதியான சாறு ஒரு லாரி நிறைய வந்து நின்றது.

"மொத்தத்தையும் இன்னிக்கே ஊத்திடுங்க" என்றார்.

"சார், இனிப்பு ஒரேயடியா போனா உள்ள புளிச்சிடும். தினம் நாலு டிரம்னு ஊத்தலாம்" என்றாள் மூக்கி.

"மீட்டர் நல்லாத்தானே காட்டுது? உன்னை யாரு கேட்டா?"

ஊற்றினார்கள். வந்தவர்கள் கைதட்டிப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் நாள் வாடை மாறியது. ஐந்தாம் நாள் சுடர் அணைந்தது.

உடனே ஒரு விசாரணை அறிக்கை தயாரானது. கழிவைப் பிரிப்பவளின் கவனக்குறைவால் பிளாஸ்டிக் கலந்துவிட்டதாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். ஒரு பாட்டில் மூடிகூடத் தப்பவிடாத கை அது. வாய் கூசாமல் எப்படித்தான் எழுதினார்களோ.

இதற்கிடையில், தொட்டியைத் தேற்ற வந்த நிபுணர் சுண்ணாம்பும் சாணமும் போடச் சொன்னார். கூடவே, "மீட்டர் ரெண்டு நாள் லேட்டாத்தான் சொல்லும். வாடை தெரிஞ்ச ஆள் பக்கத்துலயே இருக்கணும்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மேலாளர் அறிக்கையோடு வந்தார். "இதுல கையெழுத்து போட்டுட்டு வேலையப் பாரும்மா. உன்னை அனுப்ப மாட்டோம்."

மூக்கி கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த டிரம்மின் மேல் உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"போட மாட்டேன் சார். உண்மைய எழுதுங்க."

அவர் முணுமுணுத்தபடி பிளாஸ்டிக் என்றிருந்த வரியை அடித்துவிட்டு, ‘நிர்வாகத் தவறு’ என்று எழுதி நீட்டினார். அவள் நிதானமாகப் படித்தாள்.

"நிர்வாகம் லாரிகிட்ட வந்து நிக்கல சார். நீங்கதான் நின்னீங்க. உங்க பேரை எழுதுங்க."

கையுறை மடியிலேயே இருந்தது.