மூளைக்குக் கால் முளைத்த கதை

என் தம்பியின் முகம் உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது, அதனால் பரவாயில்லை, எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. வாராவாரம் ஓர் உளவாளித் தொடர் ஓடுகிறதே, அதில் ஹீரோ மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவும்போது, இருட்டு வேனுக்குள் நாலு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "உள்ள புகுந்துட்டேன்" என்பானே ஒருத்தன், அவனேதான். தொடரில் அவனுக்குப் பெயர் வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. "மூளை" என்றுதான் கூப்பிடுவார்கள். மூளை, கதவைத் திற. மூளை, கேமராவை அணை. மூளை, சீக்கிரம். அவன் கதவைத் திறப்பான், உள்ளே இருக்கும் பெண் ஓடிவந்து ஹீரோவைக் கட்டிக்கொள்வாள்.

நிஜத்தில் அந்த மூளைக்குப் போனில் அலாரம் வைக்கத் தெரியாது. நான்தான் வைத்துக் கொடுப்பேன். நான் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, பல் ஆஸ்பத்திரியில் முன்மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பவள். ஆனால் சொந்தக்காரர்கள் கேட்பார்களா? பழுதான கம்ப்யூட்டரைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு நேராக அவனிடம்தான் வருவார்கள். அவனும் பாவம், இல்லையென்று சொல்லத் தெரியாமல், புருவத்தைச் சுருக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு சித்தப்பா" என்பான். எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம்தான். ஒருமுறை எங்கள் துணி துவைக்கும் மெஷினுக்கும் அதையே சொன்னான். சித்தப்பா பயந்துபோய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழையதில் ஒயர் சரியாகச் செருகவில்லை என்று அப்புறம் தெரிந்தது. அந்தக் கதையை எடுத்தால் இன்றைக்கும் சண்டை வரும்.

ஷூட்டிங்கில் நடப்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவனுக்கு நிஜமாகவே கண்பார்வை கொஞ்சம் மோசம். அவன் கண்ணாடியைப் போட்டால் விளக்கெல்லாம் அதில் மின்னுகிறது என்று, கண்ணாடியே இல்லாத வெறும் பிரேமை மாட்டிவிடுவார்கள். ஆகையால் உலகத்திலேயே அதிகமாகக் கம்ப்யூட்டரை உற்றுப் பார்க்கிற அந்த ஆளுக்கு எதிரே இருக்கும் திரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது, எல்லாம் பச்சைப் பச்சையாகக் கலங்கித் தெரியும். திரையில் ஓடுவதும் அவன் செய்வது இல்லை. திரைக்காரர் என்று ஒருத்தர் இருக்கிறார், அவர் முன்கூட்டியே செய்து வைத்த எண்களையும் எழுத்துகளையும் ஓடவிடுவார். கீபோர்டின் ஒயர் மேஜைக்குப் பின்னால் சும்மா தொங்கும். இவன் வேகமாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தட்டுவதில் மட்டும் ஆள் கெட்டிக்காரன். சின்ன வயதில் டைப்பிங் வகுப்புக்குப் போனவன். "சும்மா கண்டபடி தட்டினா விரல் காட்டிக் குடுத்துடும்க்கா, நிஜமா ஏதாவது அடிக்கணும்" என்பான். அதனால் மனதில் வருவதை எல்லாம் அடிப்பான். வீட்டுக்கு என்ன வாங்க வேண்டும், என்னோடு காலையில் போட்ட சண்டையில் சொல்ல மறந்த பதில், இப்படி. உலகத்தைக் காப்பாற்ற அவன் அடித்ததில் பாதி என்னைத் திட்டியதாகத்தான் இருக்கும்.

அவனுக்கு ஒரே ஒரு குறை. ஒன்பது வருஷமாக ஒரு காட்சியில்கூட அவன் எழுந்து நின்றதில்லை. நெஞ்சுக்குக் கீழே அவன் எப்படி இருப்பான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மேலே கோட்டு, கீழே அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு. "மூளைக்குக் கால் இருக்கிறதா?" என்று ரசிகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அம்மாவுக்கு வேறு கவலை. "ஏண்டா, உன்னை மட்டும் எழுந்திருக்கவே விடமாட்டேங்கறாங்களே, ஏதாவது தப்பு பண்ணிட்டியா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்பது மாதிரி கேட்பாள். சிரிப்பான். ஆனால் தொடருக்கு வருவதற்கு முன்னால் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டி மேடை அதிர நடந்தவன் அவன். ஒரே ஒரு தடவை வெயிலில் இறங்கி நாலு அடி நடந்துவிட்டால் போதும் என்று அவனுக்கு ஏக்கம். அது எனக்குத் தெரியும்.

போன வருஷம் தயாரிப்பாளர் வாக்குக் கொடுத்தார். ஹீரோ மாட்டிக்கொள்வாராம், மூளை வேனிலிருந்து இறங்கி ஓடிப்போய் மீட்பானாம். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் ஓட ஆரம்பித்தான். தோல் பூட்ஸ் ஒன்று வாங்கி, கடிக்கிறது என்று வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினான். கூடத்துக்கும் சமையலறைக்கும் டக் டக் என்று நடப்பான். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

பிறகு அந்தக் காட்சியை மாற்றிவிட்டார்கள். மூளை வேனுக்குள் உட்கார்ந்தபடியே ஒரு பட்டனை அழுத்துவான், சிறைக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கதைக்கு இதுதான் விறுவிறுப்பு என்றார்களாம்.

அதை எடுக்கிற அன்றைக்குத் தம்பி சாப்பாட்டை மறந்துவிட்டுப் போயிருந்தான். கொடுக்கப் போனேன். அங்கே ஹீரோ கதாநாயகியோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் காலுக்கடியில் ஒரு பலகை. அவர் நகர்ந்தால், பலகையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆளும் நகர்ந்தார். சாப்பாட்டை வாங்கத் தம்பி வேனை விட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான். இந்தப் பக்கமாக வந்த ஹீரோ அவனைப் பார்த்தார், அப்படியே திரும்பி வேனைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போனார். எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

"டேய், அந்தாளு உன் தோள் வரைக்கும்தான்டா இருக்காரு."

"மெதுவா பேசுக்கா."

"ஒன்பது வருஷமா இதுக்குத்தான் உன்னை உட்கார வெச்சிருக்காங்களா?"

தம்பி ஹீரோ போன திசையைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. அதுவரைக்கும் அவனுக்கு அது தோன்றவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவனுக்கு மூளை என்று பெயர் வைத்தவனை உதைக்க வேண்டும். குள்ளமாக இருப்பது ஒரு குற்றமா? நானே குள்ளம்தான். அதை மறைக்க இன்னொருத்தன் காலை வெட்டுவதுதான் குற்றம்.

அன்று மத்தியானமே பட்டன் காட்சி. தொடருக்குப் புதுசாக வந்திருந்த டைரக்டருக்கு எல்லாம் இயல்பாக இருக்க வேண்டுமாம். மூளை தட்டுகிற எழுத்து அப்படியே திரையில் வரட்டும் என்று கீபோர்டு ஒயரைச் செருகச் சொல்லியிருக்கிறார். எல்லாரிடமும் சொன்னவர், தட்டப் போகிறவனிடம் மட்டும் சொல்லவில்லை. மூளையிடம் யார் எதைச் சொல்லியிருக்கிறார்கள்? தம்பி உட்கார்ந்தான். பிரேமை மாட்டினான். வயிற்றெரிச்சலை எல்லாம் விரலில் இறக்கினான்.

"பலகைமேல் நிற்கிற பெரிய மனுஷா, நான் எழுந்து நின்றால் உன் கண்ணுக்கு என் சட்டைப் பைதான் தெரியும். அந்தப் பயத்தில்தானே ஒன்பது வருஷமாக என்னை உட்கார வைத்திருக்கிறாய்."

பச்சை எழுத்தில், எண்களுக்கு நடுவே, அழகாக ஓடியது. டைரக்டர் இவன் முகத்தைத்தான் பார்த்தார். படத்தை வெட்டி ஒட்டுகிறவரும் படிக்கவில்லை, மூளையின் திரையை யாராவது படிப்பார்களா என்ன? திரைக்காரர் மட்டும் பார்த்தாராம். பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம். அவருக்கும் ஏதோ பழைய பாக்கி இருந்திருக்க வேண்டும்.

ஒளிபரப்பான மறுநாள் ஊர் பூராவும் அதே பேச்சு. படத்தை நிறுத்தி நிறுத்திப் படித்திருக்கிறார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் பல் பிடுங்க வந்தவர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஹீரோ பேட்டி கொடுத்தார். "நாங்க அண்ணன் தம்பி மாதிரி, செட்ல இப்படித்தான் கலாய்ச்சுக்குவோம்" என்று பல்லைக் காட்டினார். உட்கார்ந்துகொண்டுதான் காட்டினார்.

அடுத்த வாரம் தம்பிக்குக் காட்சித் தாள் வந்தது. வேன் வெடிக்கும். அடிபட்ட மூளை தவழ்ந்து வெளியே வருவான். ஹீரோ மண்டியிட்டு, அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று அழுவார். மூளை கடைசி மூச்சில் "உள்ள புகுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாவான். ஒருத்தர் மண்டியிட, ஒருத்தன் படுக்க, யார் உயரம் யாருக்குத் தெரியும்? ரொம்ப யோசித்துத்தான் எழுதியிருந்தார்கள்.

"கேட்டது கிடைச்சுதே, வெயில்ல வர்ற காட்சி" என்று வாய் தவறிக் கிண்டல் செய்துவிட்டேன். அவன் பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போகாத தம்பி. வேண்டாம்னு சொல்லிடு. தவழணும்னு என்ன தலையெழுத்து?"

"ஒரு வேன்தான்க்கா இருக்கு."

"எதுக்கு?"

"வெடிக்கறதுக்கு. இன்னொரு வேன் கிடையாதாம். ஒரே தடவைதான் எடுப்பாங்களாம், தப்பானா திரும்ப எடுக்க முடியாதாம்."

அவர்கள் செலவை நினைத்து இவன் உருகுகிறான் என்று நினைத்து, ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன்.

வேன் வெடிக்கிற அன்றைக்கு ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். பெரிய பொட்டல் வெளி. சுற்றிலும் கேமராக்கள். கீழே மண்ணும் சரளைக் கல்லும், பலகை போட இடமில்லை, ஹீரோ எப்படியும் மண்டிதானே போடப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள். வேன் வெடித்தது. காது அடைத்துக்கொண்டது. புகைக்குள்ளிருந்து தம்பி முழங்கையை ஊன்றி ஊன்றித் தவழ்ந்து வந்தான், சொன்னது சொன்னபடி. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றினான். எழுந்து நின்றான்.

காலில் அந்த பூட்ஸ். அரைக்கால் சட்டை இல்லை, முழு ஆள். சட்டையெல்லாம் ரத்தச் சாயம், வெயில் முகத்தில் அடிக்க, சரளை நொறுங்க, நேராக ஹீரோவை நோக்கி நடந்தான். நிறுத்து என்று சொல்ல டைரக்டரால் முடியாது, இருக்கிற ஒரே வேன் எரிந்துகொண்டிருக்கிறது. ஹீரோ பாதி மண்டி போட்டவர், அவன் நிற்பதைப் பார்த்து அவசரமாக எழுந்தார். எழுந்தும் அவர் தலை இவன் தோளுக்குத்தான் வந்தது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே தன் வசனத்தைச் சொன்னார், வேறு வழி?

"மூளை, உனக்கு ஒண்ணும் ஆகாது."

தம்பி அவர் தோளில் கையை வைத்தான். நன்றாகக் குனிந்து, குழந்தைக்குச் சொல்வது மாதிரி, கனிவாகச் சொன்னான்.

"வெளிய வந்துட்டேன்."

சொல்லிவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விழுந்தபோதும் அவன் நீளம் தெரிந்தது. நான் அழுதேன், சொன்னால் என்ன, தேம்பித் தேம்பி அழுதேன். என்னைச் சுற்றி நின்ற விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள். பலகைக்காரரும் தட்டினார், பலகையைக் கீழே போட்டுவிட்டு.

அந்தக் காட்சியை அவர்களால் வெட்ட முடியவில்லை, வேறு காட்சியே இல்லையே. முழுசாக வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "நல்லா வளர்ந்திருக்கான்" என்று மட்டும் சொன்னாள். தொடருக்குப் புது மூளையைத் தேடுகிறார்கள். வருகிறவர்களிடம் முதலில் உயரத்தைத்தான் கேட்கிறார்களாம், திரைக்காரர் போன் பண்ணிச் சொன்னார்.

தம்பிக்கும் போன் வருகிறது. எல்லாம் கம்ப்யூட்டர்காரன் வேஷம்தான். இவன் ஒன்றே ஒன்றுதான் கேட்பான்.

"நிக்கற வேஷமா சார்?"

"இல்லப்பா, வேனுக்குள்ளதான்."

நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுவான். இன்னும் எதுவும் அமையவில்லை, வீட்டில்தான் இருக்கிறான். சாப்பிடுவதுகூட நின்றுகொண்டுதான். "உட்கார்ந்து சாப்பிடேன்டா" என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "ஒன்பது வருஷம் உட்கார்ந்தாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடக்கிறான்.