கதையில் இல்லாத பதில்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில், காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைக் கம்பெனி ஆளாக எடுப்பதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். பாதிப் பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு பத்தி இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கீழே உள்ள கேள்விகளுக்கு இங்கிலீஷிலேயே பதில் எழுத வேண்டும். மெஷின் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு என்று கேட்டோம். வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று மெஷின் மேல் ஒட்டியிருக்கும் தாள் இங்கிலீஷில்தான் இருக்கிறது, அதைப் படிக்கத் தெரியாதவரை எப்படி நிரந்தரமாக வைத்துக்கொள்வது என்றார்கள். அந்தத் தாளை அதுவரை நாங்கள் யாரும் படித்ததில்லை. பக்கத்து மெஷினில் இருப்பவர் செய்வதைப் பார்த்து நாங்களும் செய்தோம், அவ்வளவுதான்.

நான் ஆறாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஸ் போர்டும் லாரி முதுகும்தான். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கிளம்பி, திருப்பூரில் பனியன் மடித்து, பெங்களூரில் குடை விற்று, ஓசூரில் ஹோட்டலில் இலை எடுத்து, இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு ஊரில் சேர்ந்தாற்போல் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. வேலை போனால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறுவேன். அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. அந்தப் பரீட்சைக்காகக் கம்பெனி நடத்திய இங்கிலீஷ் வகுப்புக்குப் பெயர் கொடுத்ததுகூடப் பெரிய ஆசையால் அல்ல. முதல் ஷிஃப்ட் முடிந்ததும் ஏசி அறையில் உட்காரலாம், டீயும் சமோசாவும் தருகிறார்கள் என்றார்கள். போய் உட்கார்ந்தேன்.

என் பக்கத்து மெஷினை ஓட்டியவள் மண்ணூர்க்காரி. முப்பது வயது இருக்கும். பிளஸ் டூ படித்தவள். அவளுக்கு அந்த வகுப்பு சமோசா விஷயம் இல்லை. அதற்கு முன் இரண்டு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்து, திடீரென்று ஒரு நாள் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பப்பட்டவள். இந்தத் தடவையாவது நிரந்தரம் ஆகாவிட்டால் வேலைக்கே போக வேண்டாம், வீட்டோடு இரு என்று புருஷனும் மாமியாரும் சொல்லியிருந்தார்கள். இதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. கம்பெனி பஸ்ஸில் முறுக்கு தின்றுகொண்டே சொன்னாள்.

அந்த பஸ்ஸில்தான் எனக்குப் பாடம் நடந்தது. நான் பென்னலூரில் அறை எடுத்திருந்தேன், அவள் அதைத் தாண்டிப் போக வேண்டும். வகுப்பில் கொடுத்த ஜெராக்ஸ் தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் கேள்வியைப் படி, கேள்வியில் இருக்கிற வார்த்தை மேலே எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியைத் தூக்கி அப்படியே வை என்று சொல்லிக்கொடுத்தாள். அது எனக்குப் புரிந்தது. சாமான் எடுத்து அடுக்குகிற வேலை மாதிரிதான். ஆனால் கதை கொஞ்சம் எனக்குத் தெரிந்த விஷயமாக இருந்துவிட்டால் போச்சு. குடை விற்கிறவனைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அன்று அவனுக்கு ஏன் வியாபாரம் ஆகவில்லை என்று கேள்வி. போலீஸ்காரன் விரட்டிவிட்டான் என்று சொன்னேன்.

"இன்னாண்ணா நீ? மழ வரலன்னு எழுதிக்கீது. போலீஸ்காரன எங்கேர்ந்து இட்டாந்த?"

"நெசமாவே வெரட்டுவான் தங்கச்சி. பெங்களூர்ல குடையும் கையுமா நானே ஓடியிருக்கேன்."

"உன் கதைய இப்ப எவன் கேட்டான்? பேசேஜ்ல இன்னா கீதோ அத மட்டும் சொல்லு. மார்க்கு அதுக்குத்தான்."

டிரைவர் கண்ணாடியில் பார்த்து, டீச்சரம்மா, அவரை முட்டி போட வையுங்கள் என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் தெரியாதவனாக இருப்பதில் எனக்கு வெட்கம் கிடையாது.

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கம்பெனியின் பெரிய அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தார். வடக்கே எங்கேயோ ஊர், தமிழ் தெரியாது. சொல்லிக்கொடுக்க வந்துகொண்டிருந்தவர் சென்னையிலிருந்து வரும் ஏஜென்சி ஆள். அன்றைக்கென்று தொழிற்சாலையைப் பற்றி ஒரு பத்தி கொண்டுவந்திருந்தார். ஒரு பெண் மெஷின் ஓட்டுகிறாள். மெஷினின் கதவு சரியாக மூடவில்லை. அவள் மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்கிறாள். சூப்பர்வைசர் அவளுக்கு நன்றி சொல்லி, மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார். நன்றி சொன்ன இடத்தில் பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

எங்கள் லைனில் நடப்பது வேறு. மெஷினுக்கு முன்னால் ஒரு கதவு உண்டு. கதவை மூடினால்தான் மெஷின் ஓடும், கைக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு பீஸுக்கும் திறந்து மூடிக்கொண்டிருந்தால் சொன்ன எண்ணிக்கை வராது. அதனால் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கிற சென்சார் மேல் ஒரு சின்னக் காந்தத்தை வைத்து டேப் ஒட்டிவிடுவோம். கதவு திறந்து கிடந்தாலும் மெஷின் ஓடும். காந்தத்தைக் கொண்டுவந்து கொடுத்ததே சூப்பர்வைசர்தான். ஆடிட் வருகிற நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுவார், எல்லாக் காந்தமும் அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். இதைத் தப்பு என்று நாங்கள் நினைத்ததில்லை. வேலையில் அதுவும் ஒரு பகுதி.

கதவு சரியாக மூடாதபோது அந்தப் பெண் என்ன செய்தாள் என்று அதிகாரியே கேள்வியைப் படித்தார். எனக்குக் கேள்வி முழுசாகப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கையைத் தூக்கி எழுந்தே நின்றுவிட்டேன்.

"மேக்னட் புட், சார். டேப் புட். டோர் ஓப்பன், மெஷின் ரன்."

என் வாழ்க்கையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானாகச் சேர்த்துப் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான். சொல்லி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி தாளைக் கீழே வைத்துவிட்டு, எந்த மெஷின் என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுவும் எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்றும் புரிந்தது. புரியாதவன் மாதிரி தலையைச் சொறிந்தேன். "நோ இங்கிலீஷ், சார்" என்றேன். ஆனால் அதற்குள் என் கண் மண்ணூர்க்காரி பக்கம் போய் வந்துவிட்டது. ஒரு நொடிதான். வாயைக் கட்டிக்கொண்டேன், கண்ணைக் கட்டத் தெரியவில்லை. அதிகாரியும் அவளைப் பார்த்தார். அவளோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டபோது அவள் மறைக்கவில்லை. ஆமாம், என் மெஷினில் இருக்கிறது, சூப்பர்வைசர்தான் கொடுத்தார் என்று தமிழில் சொன்னாள். ஏஜென்சி ஆள் முதல் பாதியை மட்டும் இங்கிலீஷில் சொன்னார். இரண்டாவது பாதியை அவர் விழுங்கியது எனக்குக் காதில் விழுந்தது. கேட்கும் அளவுக்கு இங்கிலீஷ் வந்திருந்தது, எழுந்து சொல்லும் அளவுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தார்கள். லைன் முழுக்க இருந்தது. ஆனாலும் பிடிபட்டது அவள் மெஷின்தான். கேட்டில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் வா என்று அனுப்பினார்கள்.

மறுநாள் ஆபீசுக்குப் போய், காந்தம் கொடுத்தது சூப்பர்வைசர் என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வேலை போனால் போகட்டும் என்றிருந்தது, அதனால் எழுத முடிந்தது. என் கையில் போனால் ஒன்றுமில்லாத ஒன்றை, அவள் கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறேன் என்பதுதான் சோறு இறங்கவிடாமல் செய்தது. அறைக்கு வந்து துணிகளைப் பையில் போட்டேன். வேறு ஊர், வேறு வேலை. அதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். கிளம்புவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அவளுக்கு போன் போட்டேன். வேலையை விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீ போயிட்டா அந்த சீட்ட எனக்குக் குடுத்துடுவாங்களா?" என்றாள். "எல்லாத்தையும் பண்ணிட்டு நீ பாட்டுக்கு பஸ் ஏறிடுவ. எனக்கு ஏற பஸ்ஸு ஏது?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டேன்.

அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், ஆனால் பேக்கிங்கில். பெட்டி ஒட்டுகிற வேலை, பழையபடி காண்ட்ராக்ட். வகுப்பிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். சூப்பர்வைசரை வேறு ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. உண்மை பேசுகிறவர் என்று அதிகாரி சொன்னாராம். ஏஜென்சி ஆள் என் தோளைத் தட்டிச் சொன்னார். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ளத் தோன்றியது.

பரீட்சை எழுதினேன். கேள்வியில் இருக்கும் வார்த்தையை மேலே தேடினேன், வரியைத் தூக்கி வைத்தேன், சொந்தமாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. தேறிவிட்டேன். கம்பெனிச் சட்டை கொடுத்தார்கள். காண்ட்ராக்ட் ஆட்களின் சாம்பல் சட்டைகளுக்கு நடுவே அது பளிச்சென்று தெரிந்தது. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியபோது முன்னால் எங்கேயாவது இடம் கிடைக்காதா என்று பார்த்தேன். அவள் பக்கத்தில்தான் காலியாக இருந்தது. ஒரு மாதமாக அவளிடம் நான் சரியாகப் பேசவில்லை. அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"உக்காருண்ணா. சட்டை கசங்கிடாது."

உட்கார்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அப்புறம் அவள், பரீட்சையில் என்ன பத்தி வந்தது என்று கேட்டாள். அது எதற்கு இப்போது என்றேன். சும்மா சொல்லு என்றாள். கிணறு தோண்டுகிற இரண்டு பேரைப் பற்றிய கதை. எனக்கு ஞாபகம் இருந்தவரை இங்கிலீஷிலும், வராத இடத்தில் தமிழிலும் சொன்னேன். கேள்விகளையும் கேட்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, தடுமாறாமல், இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிக் கேள்விக்கு அவள் சொன்னதைக் கேட்டபோதுதான், நான் எழுதியது தப்பு என்று தெரிந்தது.

"எல்லாம் கரெக்டா?" என்றாள்.

"எல்லாம் கரெக்ட்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். மடியில் இருந்த சாப்பாட்டுப் பையின் வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடியும் சுற்றினாள். பென்னலூர் வந்தது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிவிட்டேன். பஸ் மண்ணூரைப் பார்த்துப் போனது.