ரோம் வெயிலும் ஒரு முழுக்கை டாப்ஸும்

போன வாரம் கடைக்கு ஒருவர் வந்தார். ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஆலை ஒன்றில் குவாலிட்டி என்ஜினீயர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கையில் பெரிய பை.

பையைத் திறந்து மேஜைமேல் கொட்டினார். பஞ்சு வைத்துத் தைத்த ஜெர்கின். கம்பளித் தொப்பி. உள்ளே போட்டுக்கொள்ளும் தெர்மல்.

"ஜெர்கின்ல கை நீளமா இருக்குக்கா. கொஞ்சம் குறைச்சுத் தாங்க."

"எங்க போறீங்க?"

"கம்பெனில இத்தாலிக்கு ட்ரெயினிங் அனுப்புதாங்க. லீவு நாள்ல நாலு ஊரு சுத்திப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்."

"எந்த மாசம்?"

"ஜூலைக்கா."

நான் ஜெர்கினை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

"ஃபாரின்னா குளிரும்லா?" என்றார் பாவமாக.

"மே மாசம் மத்தியானத்துல நம்ம சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புல நின்னிருக்கீங்களா?"

"நின்னிருக்கேன்."

"அதே வெயில்தான். பக்கத்துல ஒரு சர்ச் கட்டி வெச்சிருப்பாங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — ஆலைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். பர்னஸ் உலைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எந்தத் துணி, ஏசி அறையில் சிப் பொருத்தும் பெண்ணுக்கு எந்தத் துணி என்று யோசிப்பதே பிழைப்பு. ஆகவே உடுப்பு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். அன்று அவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்துவிட்டேன்.

தென் ஐரோப்பா என்பது வேறு ஐரோப்பா. இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ்... கோடையில் கல் தரையிலிருந்து அனல் மேலே வரும். லூசான காட்டன் போடுங்கள், லினன் கிடைத்தால் இன்னும் நல்லது. இறுக்கிப் பிடிக்கிற ஜீன்ஸைப் பீரோவிலேயே விட்டுவிடுங்கள். கால் பழகிய பழைய ஷூ போதும். பயணத்துக்கென்று புது ஷூ வாங்கிப் போனால், தெருவெல்லாம் பதித்திருக்கும் குண்டுக் கற்கள் இரண்டே நாளில் உங்களை நொண்டியாக்கிவிடும். தலைக்குத் தொப்பி. ஆணோ பெண்ணோ, பையில் ஒரு மெல்லிய துண்டு அல்லது துப்பட்டா. ஏன் என்றால், அரைக்கால் டவுசரும் கையில்லாத பனியனுமாகப் போனால் பெரிய சர்ச்சுகளில் உள்ளே விட மாட்டார்கள். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும்.

"எல்லாம் நேர்ல பாத்த மாதிரி சொல்லுதீங்க" என்றார்.

நேரில் பார்த்ததுதான். ஆனால் நேரில் பார்த்ததில் பாதியைத்தான் அவரிடம் சொன்னேன். மீதியை உங்களிடம் சொல்லலாம் என்று பிலோமினா அனுமதி கொடுத்திருக்கிறாள்.

பிலோமினா பென்னலூர்க்காரி. என்னைவிட இரண்டு வயது பெரியவள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் லைன் சூப்பர்வைசர். அவள் டீமுக்கு யூனிஃபார்ம் அளவெடுக்கப் போன இடத்தில் பழக்கமாகி, இன்றுவரை தொடர்கிற சிநேகம். அவள் மகள் ஜெனி தண்டலம் பக்கத்தில் என்ஜினீயரிங் படித்து, இத்தாலியில் வேலைக்குப் போனவள். அப்பா இல்லாத பெண். போன வருடம் அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா தனியாகப் பறக்க மாட்டாள் என்பதால், "கஸ்தூரி ஆன்ட்டியையும் கூட்டிட்டு வா மம்மி" என்று என்னையும் சேர்த்துக்கொண்டாள்.

கூப்பிட்ட நாளிலிருந்தே பிலோவுக்கு ஒரே கனவு. ரோமில் இருக்கிற அந்தப் பெரிய கோயிலுக்குள் போய் முழங்காலில் நின்று ஒரு ஜெபம். பிலோ வீட்டில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர். டிவியில் எத்தனையோ கிறிஸ்துமஸ் பூசைக்குப் பார்த்த கோயில்.

"மத்த ஊருங்க நீ பாத்துக்கோ கஸ்தூரி. எனுக்கு அது ஒன்னு போதும்" என்பாள்.

புறப்படுவதற்கு முன் அவளுக்கு நாலு காட்டன் குர்தா தைத்துக் கொடுத்தேன். முழங்கைவரை கை வைத்து, அக்குள் பக்கம் தளர்வு விட்டு, காற்றுப் போக வசதியாக. வாங்கிக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்றாள். ரோமில் இறங்கிய மறுநாள் காலை, கோயிலுக்குக் கிளம்பும்போது பார்த்தால்... கருநீலத்தில் தடித்த பாலியஸ்டர் டாப்ஸ். முழுக்கை. மணிக்கட்டில் பட்டன் வேறு.

"இன்னாது இது? நான் தச்சது எங்க?"

"பெட்டில கீது."

"மம்மி, இன்னைக்கு நாப்பது டிகிரி போகும்னு சொல்லியிருக்காங்க. ஆன்ட்டி தச்சதைப் போட்டுக்கயேன்" என்றாள் ஜெனி.

"எனுக்கு இதான் வசதி" என்று சொல்லிவிட்டு, மணிக்கட்டுப் பட்டனைச் சரி பார்த்துக்கொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். பிலோவின் இடது கையில் தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டுவரை தீக்காயத் தழும்பு. அளவெடுத்த நாளிலேயே பார்த்தவள் நான். அன்று நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எங்கள் சிநேகம் அங்கேதான் தொடங்கியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தழும்பை மறைக்க ஒரு மனுஷி நாற்பது டிகிரியில் பாலியஸ்டருக்குள் வேக வேண்டுமா?

கோயிலுக்கு முன்னால் கடல் மாதிரி ஒரு திறந்த வெளி. அதைச் சுற்றிக்கொண்டு வரிசை. நிழல் என்று பேருக்குக்கூட இல்லை. வரிசையில் யார் யாரோ... குடை பிடித்த ஜப்பான் பெண்கள், அரைக்கால் டவுசரோடு வந்துவிட்டு இப்போது கழுத்துத் துண்டை இடுப்பில் சுற்றிக்கொள்ள முயலும் ஒரு தாத்தா. நானும் ஜெனியும் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தோம். பிலோ வேண்டாம் என்றாள். குடித்தால் டாய்லெட் தேட வேண்டும், வரிசை போய்விடும் என்ற பயம். ஷிப்டில் லைனை விட்டு நகராமல் பழகிய உடம்பு.

பாதி வரிசை தாண்டியிருப்போம். பிலோ என் தோளைப் பிடித்தாள்.

"கஸ்தூரி, தரை ஆடுது."

திரும்புவதற்குள் சரிந்துவிட்டாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, கண் பாதி மூடி. ஜெனி "மம்மி, மம்மி" என்று கன்னத்தைத் தட்டுகிறாள். முன்னால் நின்ற ஒரு வெள்ளைக்காரர் கால் பக்கம் பிடிக்க, ஓரத்தில் இருந்த பெரிய தூண்களின் நிழலுக்குத் தூக்கிப் போனோம். ஜெனி உதவிக்கு ஆள் தேடி ஓடினாள்.

கழுத்துப் பட்டனைக் கழற்றினேன். துணியைத் தொட்டால் அடுப்பு மேல் கிடந்த பிடிதுணி போலச் சுட்டது. உள்ளே காற்றே போகவில்லை. மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றப் போனேன். பாதி மயக்கத்திலும் வலது கையால் இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வோணாம்டி."

"உடம்பு கொதிக்குது பிலோ. காத்துப் படணும்."

"எல்லாரும் பாப்பாங்க. கேப்பாங்க."

"கேட்டா கேக்கட்டும்."

"ஒனுக்குத் தெரியாது..." நாக்கு குழறியது. ஆனாலும் சொன்னாள். இத்தனை வருடத்தில் சொல்லாததை அந்தத் தூண் நிழலில் படுத்துக்கொண்டு சொன்னாள். "கேக்கறவங்க கையப் பத்திக் கேக்க மாட்டாங்க. அவரப் பத்திதான் கேப்பாங்க."

அவர் என்றால் ஆரோக்கியம். அவள் கணவர். கம்பெனி பஸ் ஓட்டியவர். நான் பழகிய காலத்தில் அதிர்ந்து பேசிக் கேட்டதில்லை.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸ். வீட்டில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எண்ணெய்ச் சட்டி சாய்ந்து கையில் கொட்டிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் புதுப்பெண், தீக்காயம், ஆஸ்பத்திரி... இந்த மூன்றையும் சேர்த்தால் நம் ஊர் என்ன கதை கட்டும்? பஸ்ஸில், கடையில், தண்ணீர்க் குழாயடியில், கையைப் பார்த்தவர்களெல்லாம் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள். "வூட்ல எதுனா பிரச்சனையாம்மா? அவர் குடிப்பாரா?" இவள் இல்லை என்று சொன்னால், பாவம், சொல்லப் பயப்படுகிறாள் என்று தலையாட்டியிருக்கிறார்கள். அதனால் பேசாமல் கையை மூடிவிட்டாள். புருஷன் பேரைக் காப்பாற்ற முழுக்கை. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் முழுக்கை.

இதையெல்லாம் கோர்வையாகப் பிற்பாடு சொன்னாள். அன்று சொன்னது அந்த ஒரு வரிதான். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

"பிலோ, இந்த ஊர்ல ஆரோக்கியண்ணன யாருக்குத் தெரியும்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிடியைத் தளர்த்தினாள்.

"டாப்ஸ் கைய எடுத்துடவா?"

"எட்த்துடு."

மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினேன். கை முட்டிவரைகூடச் சுருட்ட வரவில்லை. வியர்வையில் ஒட்டிக்கொண்டது. தையல்காரி கைப்பையில் நூல் வெட்டும் கட்டர் இல்லாமல் இருக்குமா? தோள் தையலில் ஓரிடத்தில் வெட்டி விரலை விட்டு இழுத்தேன். ரெடிமேட் தையல். முதலில் இடது கை, பிறகு வலது கை... இரண்டும் பெயர்ந்து வந்தன. என் துப்பட்டாவைப் பக்கத்துக் குழாயில் நனைத்துக் கழுத்திலும் கையிலும் போட்டேன். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு குடிநீர்க் குழாய். ஐஸ் மாதிரி தண்ணீர். அதற்காகவே ரோம்காரர்களுக்கு ஒரு கும்பிடு.

ஜெனி ஒரு முதலுதவிக்காரப் பெண்ணோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மண்டியிட்டு நாடி பார்த்தாள். பிறகு தழும்புக் கையை மெதுவாகத் தூக்கி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஜெனியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டாள்.

பிலோவின் உடம்பு விறைத்ததை என் மடியில் உணர்ந்தேன்.

"இன்னா கேக்கறாங்க?"

"காலையில இருந்து எவ்ளோ தண்ணி குடிச்சீங்கன்னு கேக்கறாங்க மம்மி."

"வேற?"

"வேற ஒன்னும் கேக்கல. வெயில்ல தழும்பு எரியும், அதுக்கு க்ரீம் போடச் சொல்றாங்க."

பிலோ அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. அந்தப் பெண் அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை முழுவதும் குடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கூட்டம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் நின்று கையைப் பார்க்கவில்லை. அவரவருக்கு அவரவர் வெயில்.

இன்று வீட்டுக்குப் போய்விடலாம், நாளை வரலாம் என்றாள் ஜெனி. பிலோ கேட்கவில்லை. நன்றாக இளைப்பாறி, ஜெனி வாங்கி வந்த பிரெட்டைத் தின்று, வெயில் சாய்ந்ததும் எழுந்து நின்றாள்.

"இத்தினி தூரம் வந்துட்டு வாசலோட திரும்புவனா?"

வரிசை அப்போது குறைந்திருந்தது. சோதனை வாசலில் என் நூல் கட்டரைப் பிடுங்கிக் கூடையில் போட்டார்கள். போகட்டும். உள் வாசலில் இன்னொரு காவலர் பிலோவைப் பார்த்துத் தன் தோளைத் தொட்டுக் காட்டினார். மறந்தே போயிருந்தோம். கை இரண்டையும் பெயர்த்துவிட்டதில் அவள் டாப்ஸ் இப்போது ஸ்லீவ்லெஸ்.

என் துப்பட்டா அதற்குள் காய்ந்திருந்தது. அவள்மேல் போர்த்தினேன். பழைய ஞாபகத்தில் மணிக்கட்டுவரை இழுத்து மூடி, கீழே ஒரு முடிச்சும் போடப் போனேன். பிலோ என் கையைப் பிடித்தாள்.

"சட்டம் தோளுக்குத்தான?"

"ஆமா."

"அப்போ தோள மட்டும் மூடு."

அப்படியே உள்ளே போனாள். தழும்புக் கையை வீசிக்கொண்டு. உள்ளே குளுமை. தூரத்தில் எங்கோ பாட்டு. ஒரு பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் ஜெபித்தாள். நான் சாமி கும்பிட வேறு கோயிலுக்குப் போகிறவள்தான். ஆனாலும் அன்று அவள் பக்கத்தில் சும்மா நின்றிருக்க முடியவில்லை. நானும் கை கூப்பிவிட்டேன்.

மற்ற ஊர்களுக்கெல்லாம் என் காட்டன் குர்தாக்கள்தான். பெட்டிக்குள் மடித்துக் கிடந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஜெனி எடுத்த ஃபோட்டோக்கள் எல்லாவற்றிலும் அவள் கை நம்மைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும்.

ஊருக்கு வந்தபின் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு இருந்தது. ரோமில் யாரும் கேட்க மாட்டார்கள். பென்னலூரில்?

கேட்டார்கள். திரும்பி வந்த வாரமே, பஸ்ஸுக்கு நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தபோது அறிமுகமில்லாத ஒரு அம்மா நெருங்கி வந்தாள். அதே தாழ்ந்த குரல்.

"இன்னாம்மா கையில? வூட்ல எதுனா..."

பிலோ குரலைத் தாழ்த்தவில்லை. லைனில் ஐம்பது பேருக்குக் கேட்கும்படி பேசிப் பழகிய குரல் அது.

"அதிரசம் சுடச்சொல்ல எண்ண கொட்டிடுச்சிக்கா. எங்க வூட்டுக்காரரு என்னத் தூக்கினு மெயின் ரோடு வரிக்கும் ஓடுனாரு. செருப்புகூடப் போடல. ஆறு மாசம் அவருதான் எனுக்குச் சோறாக்கிப் போட்டாரு. அந்த மாரி மனுசன் கெடைக்க மாட்டாரு."

பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடம் மூடி வைத்தபோது அந்த மனிதரைப் பற்றி ஊர் தன் இஷ்டத்துக்குப் பேசியது. திறந்து வைத்ததும் அவள் பேசினாள். நாலைந்து வாக்கியத்தில் ஆரோக்கியண்ணன் பேர் வெள்ளையாகிவிட்டது.

அந்த அம்மா பிலோவின் குர்தாவை ஓரமாகத் தொட்டுப் பார்த்தாள்.

"துணி நல்லாகீதே. எங்க தச்சது?"

பிலோ சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது — பத்தியில் சொந்தக் கடைக்கு விளம்பரம் கூடாது என்பது ஆசிரியர் உத்தரவு.