நும் வாத்தியார் கேட்காத கேள்வி

என் அண்ணன் முப்பது வருடமாகப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகள் வைத்த பெயர் 'நும் வாத்தியார்'. லத்தீனில் கேள்வி கேட்கும்போதே எந்தப் பதிலை எதிர்பார்க்கிறோம் என்று காட்டிவிடலாமாம். 'நோன்னே' என்று தொடங்கினால் 'ஆமாம்' வரவேண்டும். 'நும்' என்றால் 'இல்லை'. முதல் சொல்லின் வாலில் 'நே' ஒட்டிக் கேட்டால் மட்டும் எதிராளி இஷ்டப்படி சொல்லலாம். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, நும்முக்கு மட்டும் சாக்பீஸ் உடைய உடையக் கோடு போடுவார். பெயர் வந்த கதை அதுதான்.

வீட்டிலும் அதே வாத்தியார்தான். அண்ணி அடுப்படியில் நின்றால், "உப்பு போட மறக்கலையே?" என்பார். மகள் கல்யாணமாகிப் போனபிறகு ஞாயிறு தவறாமல் போன் செய்வார்.

"அங்க ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

"இல்லப்பா."

"மாப்பிள்ளை நல்லாப் பாத்துக்கறார்ல?"

"ஆமாப்பா."

இரண்டே நிமிடம். போனை வைத்துவிட்டு, "சந்தோஷமா இருக்கா" என்று எங்களுக்குச் சான்றிதழ் கொடுப்பார். நாங்களும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

போன செவ்வாய் காலை நான் அங்கே போயிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பரீட்சை லீவு. அண்ணன் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அழைப்பு மணி அடித்தது, நான்தான் கதவைத் திறந்தேன். அண்ணன் மகள். ஒரே ஒரு பை. இடது கையில் மாவுக்கட்டு. காதுக்குக் கீழே மஞ்சள் பூத்துப்போன பழைய காயம். உள்ளே அண்ணியின் கையிலிருந்து தம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

அண்ணன் எழுந்து வந்தார்.

"படியில விழுந்துட்டியாம்மா? மாப்பிள்ளை ஒண்ணும் பண்ணலையே?"

அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "பாருங்கப்பா, இப்பக்கூடப் பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. மூணு வருஷமா நீங்க எதிர்பாத்ததைத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

குரல் உயரவே இல்லை.

அண்ணன் சிவப்புப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு, "என்னம்மா நடந்துச்சு?" என்றார்.

"அவர்தாம்பா உடைச்சாரு" என்று ஆரம்பித்தவள், மதியம் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அண்ணனை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. முடியவில்லை. போன வாரம் அவளுக்குப் போன் செய்து, "சந்தோஷமாத்தானே இருக்கே?" என்று கேட்டவள் நான்.