தோற்றுப்போன மெஷின்

பதிமூன்று வருஷத்துக்கு முன்பு, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் டிவிடி பிளேயர் ரிப்பேர் கடை வைத்திருந்தபோது நடந்தது இது. கடை என்றால் ஒரு ஆள் உட்கார, ஒரு ஆள் நிற்க இடம். மேலே ஓர் அறை, அதில் நான் மட்டும். படித்தது ஐந்தாம் வகுப்பு. கல்யாணம் ஆகவில்லை. யாரிடமும் சரியாகப் பேச வராது. பிளேயரைத் திறந்து வைத்துக் குனிந்துகொண்டால் பேச வேண்டியதில்லை என்பதால்தான் இந்தத் தொழில் பிடித்தது.

கீறல் விழுந்த டிஸ்க்கைச் சரிசெய்வதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. தண்ணீர் தொட்டு நைஸ் உப்புத்தாளில் தேய்ப்பேன். பிறகு பழைய மிக்ஸி மோட்டாரில் கம்பளித் துணி கட்டி பாலிஷ் போடுவேன். பாதிக்கு மேல் ஓடிவிடும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அரியாங்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். தையல் வேலை செய்பவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சிலேயே இருந்துவிட்டாராம். பதினோரு வருஷமாக நேரில் பார்க்கவில்லை. அந்தத் தை மாதம் இறந்தும் போய்விட்டார். அதற்குக் கொஞ்ச நாள் முன்பு மகள் கல்யாணத்தில் அவர் பாடியதை யாரோ படம் எடுத்து, டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"எம் பேரைச் சொல்லிட்டுத்தான் பாட்டையே ஆரம்பிக்கிறாராம் தம்பி. எங்க வூட்டு பிளேயர்ல ஓட மாட்டேங்குது" என்றார்.

வேறு காப்பி கிடையாது என்றும் சொன்னார். அண்ணி வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லை. எடுத்தவர் கேமராவில் இருந்ததை அழித்துவிட்டார்.

டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்தது. அடிப்பக்கம் வழக்கமான நிறமாக இல்லாமல் கறுத்த பழுப்பாக இருந்தது. நடுவில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ போட்டிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. எதிர்க் கடையில் காட்டிக் கேட்டிருக்கலாம். கேட்க வெட்கம். உப்புத்தாளை எடுத்துவிட்டேன்.

தேய்த்த பிறகும் ஓடவில்லை. மறுநாள் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணே, புளூ-ரேவப் போய் தேச்சிருக்கீங்க? முடிஞ்சுபோச்சே" என்றார்.

அவர்தான் விளக்கினார். டிவிடிக்கு அடுத்து, இன்னும் தெளிவான படத்துக்காக இரண்டு வகை டிஸ்க் வந்தன. ஒன்று புளூ-ரே, இன்னொன்று எச்.டி. டிவிடி. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றின் மெஷினில் மற்றது ஓடாது, சாதா டிவிடி பிளேயரில் இரண்டுமே ஓடாது. இரண்டு பக்கமும் பெரிய கம்பெனிகள் மோதிக்கொண்டன. இரண்டே வருஷத்தில் எச்.டி. டிவிடி தோற்றுக் கடையைக் கட்டியது. டிவிடியிலும், தோற்ற அந்த எச்.டி. டிவிடியிலும் பதிவு நடுவில் இருக்கும், மேலே தேய்த்தால் தாங்கும். புளூ-ரேயில் அது மேல்தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. நான் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தது அந்த அண்ணனின் குரலைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தபோது உண்மையைச் சொல்லத்தான் இருந்தேன். முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "இது தோத்துப்போன கம்பெனி டிஸ்க்கு அக்கா. இதுக்கு மெஷின் இப்ப எங்கயும் வர்றதில்ல" என்று சொல்லிவிட்டேன். தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் விடவில்லை. "தோத்துப்போனாலும் வித்தது வித்ததுதான? எவன் வூட்லயாவது ஒண்ணு கெடக்கும். பேர எழுதிக் குடு தம்பி" என்றார்.

எச்.டி. டிவிடி என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் வந்தார். கோயிலில் பிரான்சு போகிறவர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னொருவர் மருமகன் பழைய சாமான் சந்தைக்குப் போவாராம், என்று ஒவ்வொரு வாரமும் ஒரு செய்தி. கூடவே தையல் கடைக் கதை, பஸ்ஸில் நடந்த சண்டை, எல்லாம் சொல்வார். "நீ பேசவே மாட்டியா தம்பி, மெஷின்கூடத்தான் குடும்பமா?" என்று கேலி செய்வார். நான் சிரிப்பேன். சனிக்கிழமை காலையிலேயே கடையைக் கூட்டித் துடைத்து, அவர் உட்கார ஸ்டூல் போட்டு வைப்பேன். அவரைத் தவிர என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் வரமாட்டார் என்று தெரிந்தது. அதனால் சொல்லவில்லை.

பத்து மாதம் கழித்து ஒருநாள் பழைய புடவையில் சுற்றிய ஒரு பொருளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் எழுதிக் கொடுத்த அதே எச்.டி. டிவிடி மெஷின். அந்த மருமகன் தேடிப் பிடித்து, ஊருக்கு வந்தவர் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்.

டிவியில் மாட்டினேன். மெஷின் நன்றாக இருந்தது. டிஸ்க்கைப் போட்டேன். திரையில் கறுப்புதான். அக்கா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, யாரோ தன்னைப் பார்க்கப்போவது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் ஆவுமா தம்பி?" என்று கேட்டார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உப்புத்தாளை, வீடியோக்காரர் சொன்னதை, நான் சொன்ன பொய்யை. சனிக்கிழமைகளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே அழுது முடிச்சிருப்பனே தம்பி" என்றார். அவ்வளவுதான்.

டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டார். மெஷினைக் கொண்டுபோகச் சொன்னேன். "அதுல போட எங்கிட்ட இன்னா இருக்கு?" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அதன் பிறகு வரவில்லை. மன்னிப்புக் கேட்க இரண்டு முறை அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறினேன். இரண்டு முறையும் பாலம் தாண்டியதும் இறங்கி, நடந்தே திரும்பிவிட்டேன்.

டிஸ்க்கைத் தேய்த்தது தெரியாமல் செய்த தப்பு, அதை மன்னிக்க ஆள் இருப்பார்கள். ஆனால் அந்தப் பத்து மாதமும் ஒருவருடைய வீண் நம்பிக்கையை எனக்குத் துணையாக வைத்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால், தனியாக இருக்கிற மனிதன் எவ்வளவு சுயநலக்காரனாகிவிடுவான் என்று இன்றைக்கும் எனக்கு என்னைப் பார்த்தே பயமாக இருக்கிறது.