அரைக் கட்டை உயரம்

பாட்டுக்காரர் யாரிடமும் பியானோ கற்றதில்லை. இருபது வயதில் ஒரு பழைய பியானோவை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார். முழுச் சுருதிக்கு இழுத்தால் துருப்பிடித்த கம்பி அறுந்துவிடும் என்று, சுருதி சேர்க்க வந்தவர் அரைக் கட்டை இறக்கியே வைத்துவிட்டுப் போனார். முப்பது வருஷம் அதில்தான் பாட்டுக் கட்டினார். ஊரே முணுமுணுத்த பாட்டுகள். ஆனால் பாடிப் பேர் வாங்கியது வேறு ஆட்கள்.

"சமைச்சவன் நீ, ஏப்பம் விட்டவன் எவனோ" என்பாள் அக்கா.

பிறகு அவர் தொண்டையில் கட்டி வந்தது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. பேச்சு தேறிவிடும், பாட்டுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அதற்குள் தன் குரலில் எட்டுப் பாட்டாவது ஆல்பமாகப் பதிவாகி இருக்கட்டும் என்று ஆசைப்பட்டு ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார். அங்கிருந்த பியானோவில் அவரே, கூட இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அவ்வளவுதான்.

ஏழு பாட்டு முடிந்தது. கொஞ்சம் எட்டிப் பிடிப்பதுபோல் இருந்தாலும் சமாளித்தார். சனிக்கிழமை காலை எட்டாவது பாட்டு. உச்சியில் வரும் ஒரு வரிதான் அந்தப் பாட்டுக்கு உயிர். அது ஏறவே இல்லை. மூன்று தடவை முட்டிப் பார்த்தார்.

"என்னடா, மாடியில இருக்கவங்களக் கூப்பிடுறியா?" கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேலி செய்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வயலின்காரர் ஒருவருக்குத்தான் பொறி தட்டியது. "ஐயா, உங்க வீட்டு பியானோ சுருதி இறங்கினதா?"

"ஆமா. அரைக் கட்டை."

"அடக் கடவுளே! எந்தக் கட்டைய அமுக்குறீங்கன்னு கேட்டுத்தான் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். என்ன சத்தம் வருதுன்னு கேக்கலையே! இந்த பியானோவுல எல்லாப் பாட்டும் அரைக் கட்டை உசந்துபோச்சு!"

"நானும் சொல்லலையே, தம்பி."

"நாங்க கம்பிய இறக்கிக்கிறோம். நீங்க அரைக் கட்டை தள்ளி வாசிங்க."

"என் விரலுக்கு வேற வழி தெரியாது."

"வயோலாக்காரர் பியானோவும் வாசிப்பாரு. நீங்க நின்னு பாடுங்களேன்" என்றார் செல்லோக்காரம்மா.

நின்றார். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதல் வரியே பிந்தியது. மறுபடி எடுத்தார். உச்சி வரி வந்தபோது தொண்டை கிழிந்தாற்போல் ஆகி, வெறும் காற்று வந்தது. வெந்நீர் குடித்து அரைமணி நேரம் உட்கார்ந்தார். அப்போதும் காற்றுதான்.

எழுந்து போய்ப் பியானோ முன் உட்கார்ந்தார். செல்லோக்காரம்மாவைக் கூப்பிட்டு, தாளில் தான் பாட வேண்டிய வரிகளை முதலிலிருந்து கடைசிவரை தொட்டுக் காட்டினார். அந்த அம்மாவுக்குப் புரிந்தது. வார்த்தை இல்லாமல் பாட்டு முழுவதையும் செல்லோ பாடியது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் உள்ளே வந்தாள் அக்கா. "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இதுல நீ எங்க?"

அவர் பியானோவைக் காட்டினார். அவளுக்கு அது போதவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கட்டியை எடுத்தார்கள். பேச்சைக் கடவுள் திருப்பிக் கொடுத்தார், கரகரவென்று. பாட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அக்கா வீட்டில் அந்த ஆல்பம் தினமும் ஒலிக்கிறது. ஏழாவது பாட்டு முடிந்ததும் எழுந்துபோய் நிறுத்திவிடுகிறாள்.